ஐந்து வெள்ளியும் கடைசி நிமிஷமும்

(2025 ஐப்பசி மாதம் எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் பேசியது. மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தருகிறேன். பேசின மாதிரியே விட்டிருக்கிறேன், பிழை பொறுக்கவும்.)



நான் மேடையில் ஏறிப் பேசிப் பழகினவன் இல்லை. ஊரில் ஏ.எல். எடுத்ததோடு படிப்பு நின்றுபோச்சு. இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருஷம். அதில பதினொரு வருஷம் ஒரே பபிறிக்கில, இரும்பு கடையிற மெஷினில நிக்கிறன். "பிள்ளைகளும் விளையாட்டும் எண்டு ஆராவது பேசவேணும், நீதானே எந்த நேரமும் ஹொக்கி பாக்கிற ஆள்" எண்டு செயலாளர் அண்ணை பிடிச்சு ஏத்திவிட்டார். அதனால் எனக்குத் தெரிஞ்ச ஹொக்கியிலிருந்தே தொடங்குகிறேன். சுவிஸ் நாட்டு ஐஸ் ஹொக்கி அணி ஏன் கடைசிவரைக்கும் வந்து தோற்கிறது? இதுதான் என்ர தலைப்பு.

விளையாட்டைத் தெரியாத அம்மாமாருக்காக முதலில் இரண்டு வார்த்தை. பனித்தரையில ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல் காப்பாளரும். பந்துக்குப் பதிலாக 'பக்' எண்ட கறுப்பு றப்பர் வில்லை. 20 நிமிஷப்படி மூன்று பகுதி. ஓட்டம் அவ்வளவு கடுமை எண்டபடியால், ஒருத்தரும் ஒரு நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து நிக்கமாட்டினம். ஐந்து ஐந்து பேராக மாறி மாறி இறங்குவினம், மற்ற ஆக்கள் வாங்கில இருந்து மூச்சு வாங்குவினம். இதை மனசில வைச்சிருங்கோ. ஆர் எப்ப இறங்கிறது, ஆர் எப்ப வாங்கில இருக்கிறது எண்டதுதான் நான் சொல்லப்போற முழுக்கதையும்.

2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஸ்ரொக்ஹோமில உலகக்கிண்ண இறுதியாட்டம். சுவிஸும் அமெரிக்காவும். அடுத்த நாள் எனக்குக் காலை ஐந்து மணி ஷிஃப்ற், எண்டாலும் மகளோட ரி.வி.க்கு முன்னால இருந்தன். காலிறுதியில ஒஸ்திரியாவை 6-0, அரையிறுதியில டென்மார்க்கை 7-0 எண்டு உதைச்சுப்போட்டு வந்த அணி. முதல் சுற்றில இதே அமெரிக்காவையும் 3-0 எண்டு வென்ற அணி. இறுதியாட்டத்தில அறுபது நிமிஷமும் ஒரு கோல் விழேல்லை. மேலதிக நேரம் தொடங்கி இரண்டு நிமிஷம், ரேஜ் தொம்சன் எண்ட அமெரிக்கர் அடிச்சார். முடிஞ்சுது, 1-0.

ஒன்பது வயது மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அப்பா, நாங்கள் திரும்பவும் தோத்திட்டம்."

நாங்கள் எண்டு சொன்னாள். எனக்கும் அவளுக்கும் இன்னும் சுவிஸ் கடவுச்சீட்டு இல்லை. அவள் அதையெல்லாம் யோசிக்கேல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, ஆட்டம் தோத்ததால மட்டுமில்லை.

"திரும்பவும்" எண்டு அவள் சொன்னது சரி. கணக்கைப் பாருங்கோ. 1935இல் டாவோஸில வெள்ளி. 1953க்குப் பிறகு அறுபது வருஷம் ஒரு பதக்கமும் இல்லை. இடையில இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு எண்டு கீழே இறங்கின காலமும் உண்டு. 2013இல் ஒன்பது ஆட்டம் வரிசையாக வென்று இறுதிக்குப் போய் சுவீடனிட்ட 5-1 எண்டு தோல்வி. 2018இல் திரும்பவும் சுவீடன், இரண்டு தடவை முன்னுக்கு நின்று கடைசியில பெனால்ரியில தோல்வி. 2024இல் பிறாக் நகரத்தில செக் நாட்டிட்ட 2-0. பிறகு 2025. மொத்தம் ஐந்து வெள்ளி, 2025 வரைக்கும் ஒரு தங்கமும் இல்லை. ஒலிம்பிக்கில இன்னும் மோசம். 1928, 1948 இரண்டு தடவையும் சென். மோரிட்ஸில வெண்கலம் எடுத்தது, பிறகு 2022 வரைக்கும் ஒன்றும் இல்லை.

இறுதிக்கு முந்தியே விழுந்த கதையும் இருக்கு. 2019 காலிறுதியில கனடாவுக்கு எதிராக 2-1 எண்டு முன்னுக்கு நிக்கினம். ஆட்டம் முடிய 0.4 செக்கன் இருக்கேக்க கனடா சமப்படுத்திச்சுது. மேலதிக நேரத்தில தோல்வி. கண் வெட்டுற நேரம்தான்! 2021இல் ஜேர்மனிக்கு எதிராக 2-0 எண்டு நின்று, முடிய ஒரு நிமிஷமும் இல்லாத நேரத்தில சமப்பட்டு, பெனால்ரியில தோல்வி. 2022இல் முதல் சுற்றில ஏழுக்கு ஏழும் வெற்றி, காலிறுதியில அமெரிக்காவிட்ட 3-0.

அடுத்த நாள் விடிய பபிறிக்கில ஒருத்தரும் கதைக்கேல்லை. ஒன்பது மணி இடைவேளையில கோப்பி மெஷினடியில தொடங்கிச்சுது. ஒருத்தர் சொன்னார்: "எங்கட ஆக்களுக்குத் தலையில பலம் இல்லை, பெரிய இடத்தில பயந்திடுவினம்." இன்னொருத்தர்: "சின்ன நாடு, இதுக்கு மேல என்ன செய்யிறது." மூன்றாவது ஆள், என்னோட பக்கத்து மெஷினில எட்டு வருஷமா நிக்கிற சுவிஸ் மனுசன், நல்லவர், சொன்னார்: "எங்கட லீக்கில வெளிநாட்டுக்காரர் கூடிப்போச்சு. அவையள் எங்கட பொடியளின்ர இடத்தை எடுக்கினம்."

சொல்லிப்போட்டு என்னைப் பார்த்தார். முகம் சிவந்துபோச்சு. "நான் ஹொக்கியைச் சொன்னனான்" எண்டார். "விளங்குது" எண்டன். ஆனால் அந்தக் கதை ஒரு கிழமையாக என்ர மண்டைக்குள்ள சுத்திச்சுது. ஏனெண்டால் ஹொக்கியை மட்டும் பார்த்தால், அவர் சொன்னதில பாதி உண்மை.

ஒவ்வொரு காரணமாகப் பார்ப்பம்.

சின்ன நாடு எண்டது காரணம் இல்லை. சுவிஸில ஒன்பது மில்லியன் சனம். பின்லாந்தில ஐந்தரை மில்லியன்தான். அவையள் 1995, 2011, 2019, 2022 எண்டு நாலு தடவை உலகத் தங்கம் எடுத்திட்டினம், 2022இல் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தவை.

அதிர்ஷ்டம் எண்டால், கொஞ்சம் உண்டு. நாட்டுக்குள்ள லீக்கில ஒரு அணியை வெளியேத்த ஏழு ஆட்டத்தில நாலு வெல்லவேணும். உலகக்கிண்ணத்தில ஒரே இரவு, ஒரே ஆட்டம். அதோட மே மாதத்தில அமெரிக்காவில என்.எச்.எல். போட்டியும் நடக்கிறபடியால், ஆர் வரலாம் ஆர் வரேலாது எண்டது அந்தந்தக் கழகம் தோக்கிற நாளைப் பொறுத்தது. 2025இல் தலைசிறந்த பின்வரிசை ஆட்டக்காரர் ரோமான் யோசி வரவில்லை. நிக்கோ ஹீஷியர் இடையில காயப்பட்டார். கனடா, அமெரிக்காவுக்கு ஒருத்தர் போனால் பத்துப் பேர் நிப்பினம். சுவிஸுக்கு அப்படியில்லை. 2018 பெனால்ரி அதிர்ஷ்டம்தான், 0.4 செக்கனும் அதிர்ஷ்டம்தான். ஆனால் ஒரே பக்கத்துக்கே எத்தனை தரம் அதிர்ஷ்டம் சாயும்?

இனித் தலையில பலம் இல்லை எண்ட கதை. அந்த நாலு இறுதியாட்டத்திலயும் சுவிஸ் அடிச்ச கோலைக் கூட்டிப் பாருங்கோ. 2013இல் ஒன்று. 2018இல் இரண்டு. 2024இல் பூச்சியம். 2025இல் பூச்சியம். நாலு இறுதியாட்டத்தில மொத்தம் மூன்று கோல். தடுக்கிற வேலையில குறை இல்லை. 2025 இறுதியில அமெரிக்கா நாற்பது தடவை அடிச்சும் லெயொனார்டோ ஜெனோனி ஒன்றைத்தான் விட்டார், அந்தப் போட்டியின்ர சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். பயந்த அணி எண்டால் தடுக்கிறவையும் பயந்திருக்கவேணும். தடுக்கிறவை மலை மாதிரி நிக்க, அடிக்கிற இடத்தில மட்டும் ஏன் கை நடுங்குது?

இப்பதான் என்ர சுவிஸ் நண்பர் சொன்ன இடத்துக்கு வாறன். இங்கத்தைய முதற்பிரிவு லீக்கில ஒரு ஆட்டத்துக்கு நாலு வெளிநாட்டு ஆட்டக்காரரைத்தான் இறக்கலாம் எண்டு இருந்தது. 2022-23 பருவத்திலிருந்து அதை ஆறாக்கினவை. இந்த ஆறு பேரையும் கழகம் எதுக்கு எடுக்குது? பெரும்பாலும் கோல் அடிக்க. எதிரணியில ஒருத்தர் தண்டனையில வெளிய போனால், அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவையைத்தான் இறக்குவினம். ஒரு கோலால பின்னுக்கு நிண்டு ஒரு நிமிஷம் மிஞ்சியிருந்தாலும் அவையைத்தான் இறக்குவினம். அந்த நேரத்தில சுவிஸ் பொடியன் வாங்கில இருந்து கைதட்டுவான். அவன் கெட்டிக்காரன், கடுமையாக ஓடுவான், தடுப்பான். ஆனால் "இந்தக் கோலை நீதான் அடிக்கவேணும்" எண்டு அவனுக்கு ஒருத்தரும் வருஷம் முழுக்கச் சொல்லேல்லை. பிறகு மே மாதத்தில, உலகமே பார்க்க, ஒரு நாளைக்கு மட்டும் சொல்லுகினம்.

கோல் காப்பாளரைப் பாருங்கோ. வெளிநாட்டு இடம் குறைவு எண்டபடியால், கனகாலமாகக் கழகங்கள் அந்த இடத்தைக் கோல் அடிக்கிறவைக்கே செலவழிச்சவை, கோல் காக்கிற வேலையைப் பெரும்பாலும் சுவிஸ் பொடியளிட்ட விட்டவை. விளைவு என்ன? டேவிட் ஏபிஷர், மார்ட்டின் கெர்பர், யோனாஸ் ஹில்லர், ஜெனோனி எண்டு வரிசையாக உலகத்தரமான காப்பாளர். ஏபிஷர் 2001இல், கெர்பர் 2006இல் ஸ்ரான்லிக் கிண்ணம் வென்ற அணிகளில இருந்தவை. எந்த வேலையை நம்பிக் குடுத்தினமோ, அந்த வேலையில வளர்ந்தினம்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. சுவிஸுக்குக் கோல் அடிக்கிற பெரிய பெயர்கள் ஆர்? நீனோ நீடரைற்றர், ரிமோ மையர், ஹீஷியர், கெவின் ஃபியாலா. முதல் மூன்று பேரும் பதின்ம வயதிலேயே வட அமெரிக்க இளையோர் லீக்குக்குப் போனவை. ஃபியாலா சுவீடனுக்குப் போனவர். அங்க இவையள்தான் வெளிநாட்டுக்காரர்! கடைசி நிமிஷத்தில இறக்கினது இவையைத்தான். 2017இல் என்.எச்.எல். முழுக்கத் தெரிவில முதலாவதாக எடுத்த பொடியன் ஹீஷியர்.

அப்ப வெளிநாட்டுக்காரரை நிப்பாட்டினால் சரிவருமோ? இல்லை. இந்த இடத்தில நான் என்ர நண்பரோட ஒத்துப்போகமாட்டன், அகதியாக வந்தவன் எண்டதுக்காக மட்டும் இல்லை. கீழ கிடந்த அணியைத் தூக்கி நிமிர்த்தினதே வெளியில இருந்து வந்தவைதான். 1997 முதல் 2010 வரைக்கும் பயிற்றுநர் ரால்ஃப் குறூகர், கனடாவில பிறந்த ஜேர்மன்காரர். அவருக்குப் பிறகு 2013 வெள்ளி எடுத்த ஷோன் சிம்சன் கனடாக்காரர். 2006 ரூறின் ஒலிம்பிக்கில சுவிஸ் கனடாவை 2-0 எண்டு வென்றது. அந்த இரண்டு கோலையும் அடிச்ச போல் டிபியெத்றோ கனடாவில பிறந்து, இஞ்ச விளையாட வந்து, சுவிஸ் பிரஜாவுரிமை எடுத்தவர். பிறந்த நாட்டுக்கு எதிராக, வந்த நாட்டுக்காக அடிச்சார். அன்றைக்கு அவர் இடத்தைப் பிடிச்சிட்டார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

பிழை வந்தவனில இல்லை. கஷ்டமான நிமிஷத்தை எப்பவும் வேற ஆளிட்டக் குடுத்துப்போட்டு, சொந்தப் பிள்ளையை வாங்கில இருத்திவைக்கிறவையிலதான் பிழை. கழகத்துக்கு இந்தக் கிழமை வெல்லவேணும். பத்து வருஷத்துக்குப் பிறகு நாடு வெல்லவேணும் எண்டது கழகத்தின்ர கவலை இல்லை.

பின்லாந்தும் ஒரு காலத்தில இப்படித்தான் இருந்தது. 1991இல் சொந்த மண்ணில சுவீடனுக்கு எதிராக 4-2 எண்டு நின்று, கடைசி நிமிஷத்தில இரண்டு கோல் வாங்கிச் சமப்பட்டவை. 1992இல் வெள்ளி, 1994இல் பெனால்ரியில தோத்துத் திரும்பவும் வெள்ளி. அப்ப ஒரு சுவீடன்காரர், கூர்ட் லின்ட்ஸ்ட்ரோம், பயிற்றுநராக இருந்தார். 1995இல் அவர் முக்கியமான தாக்குதல் வரிசையில விட்டது சாகு கோய்வு, வில்லே பெல்ரோனன், யேரே லெஹ்டினன் எண்ட மூன்று பொடியளை. வயது 20, 21. இறுதியாட்டம் ஸ்ரொக்ஹோமில, சுவீடனுக்கு எதிராக, சுவீடன் சனத்துக்கு முன்னால. 4-1 எண்டு வெற்றி. அதில மூன்று கோல் பெல்ரோனன் அடிச்சது.

இது ஏன் என்ர மனசைத் தைச்சது எண்டு சொல்லுறன். என்ர மெஷினில எனக்குத் தெரியாத சத்தம் இல்லை. எந்தப் பல்லு தேயுது, எந்த எண்ணெய் காணாது எண்டு காதால சொல்லுவன். ஆனால் முதல் ஏழு வருஷமும் மெஷின் நிண்டால் நான் பெட்டியைத் திறக்கக்கூடாது. திருத்துற ஆளைக் கூப்பிடவேணும், அவர் வருமட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கவேணும். ஒருநாள் இரவு அவர் சுகமில்லை. அவசரமான வேலை. செஃப் போனில சொன்னார், "நீதானே தினமும் பாக்கிறனி, நீயே செய்." நூறு தடவை பார்த்த வேலை. கை நடுங்கிச்சுது. பிழையான இடத்தில முறுக்கி, ஒரு பகுதி உடைஞ்சுபோச்சு. அடுத்த நாள் சொல்லிச்சினம், "பாத்தீங்களோ, இவைக்கு ஏலாது."

எனக்கு ஏலாமல் இல்லை. சாதாரண செவ்வாய்க்கிழமையில ஒருக்காலும் தராத வேலையை, நெருப்புப் பிடிச்ச இரவில தந்தவை. பிறகு வந்த செஃப் வேலை குறைஞ்ச நாட்களில பக்கத்தில நிண்டு என்னைக் கொண்டு செய்விச்சார். இரண்டு தடவை பிழைவிட்டன், திட்டேல்லை. இண்டைக்கு எங்கட பகுதியில மெஷின் நிண்டால் என்னைத்தான் கூப்பிடுகினம்.

இனி எங்கட வீட்டுக்கும் எங்கட சங்கத்துக்கும் வருவம். கோவிக்காதேங்கோ, நானும் இதில குற்றவாளிதான். கந்தோரிலிருந்து ஜேர்மன் மொழியில கடிதம் வந்தால் ஆரைக் கூப்பிடுறம்? பத்து வயதுப் பிள்ளையை. வைத்தியரிட்ட, வரிக் கந்தோரில, வீட்டுச் சொந்தக்காரனிட்ட அந்தப் பிள்ளைதான் எங்களுக்கு வாய். எங்கட கஷ்டமான நிமிஷத்தில அவள்தான் இறங்கி நிக்கிறாள். ஆனால் என்ன படிக்கிறது, என்ன தொழில் பழகிறது எண்டு வந்தால் "நீ சின்னப்பிள்ளை, உனக்குத் தெரியாது" எண்டு வாங்கில இருத்துறம். வாசிக்க மட்டும் பிள்ளை வேணும், முடிவெடுக்க வேண்டாம்.

சங்கத்திலும் அப்படித்தான். எனக்குத் தெரிஞ்ச காலம் முழுக்க மண்டபம் எடுக்கிறதும் கணக்கு வைக்கிறதும் மைக் பிடிக்கிறதும் ஐந்தாறு பேர்தான். அவையள் பட்ட பாட்டை நான் குறைச்சுச் சொல்லேல்லை, அவையள் இல்லாட்டி இந்த மண்டபமே இல்லை. ஆனால் இளையவரை எதுக்குக் கூப்பிடுறம்? கதிரை அடுக்க, பாட்டுப் பாட, விளக்கேத்த. பிறகு "இளம் சந்ததிக்குத் தமிழில அக்கறை இல்லை" எண்டு ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கவலைப்படுறம். ஒருநாள் எங்களுக்கு ஏலாமல் வரும். அண்டைக்கு அவசரமாகச் சாவியை அவையின்ர கையில திணிப்பம். கை நடுங்கினால், "பாத்தீங்களோ, இவைக்கு ஏலாது" எண்டு நாங்களும் சொல்லுவம்.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். வாற சித்திரைப் புத்தாண்டு விழாவை இளையவரிட்டக் குடுங்கோ. நிகழ்ச்சி மட்டும் இல்லை. மண்டபம், காசு, கணக்கு எல்லாம். நட்டம் வரலாம். சாப்பாடு பிந்தலாம். அறிவிப்பில தமிழ் கொஞ்சம் சறுக்கலாம். நாங்கள் பக்கத்தில நிப்பம், கையைப் பிடிக்காமல் நிப்பம். இது உலகக்கிண்ணம் இல்லை, எங்கட செவ்வாய்க்கிழமை. இதில பிழைவிட்டால்தான் பிறகு பெரிய நாளில கை நடுங்காது.

என்ர மகள் இப்ப கிழமையில இரண்டு நாள் பனித்தரைக்குப் போறாள். போன மாதம் ஒரு ஆட்டத்தில, முடிய ஒரு நிமிஷம் இருக்கேக்க, பயிற்றுநர் அவளைத்தான் இறக்கினவர். அடிச்சாள், கம்பத்தில பட்டு வெளிய போச்சு. தோத்திட்டினம். காரில வரேக்க அழுவாள் எண்டு நினைச்சன். அழேல்லை. "அப்பா, அடுத்த முறை கொஞ்சம் கீழ அடிக்கவேணும்" எண்டு மட்டும் சொன்னாள்.